அது என்ன கல்லுன்னு மட்டும் சொல்லித் தொலைங்கய்யா!

போன ஞாயிறு ராத்திரி எங்கள் மொட்டை மாடியில் 'டப்'பென்று ஒரு சத்தம். கீழ்வீட்டு மாமா பட்டாசு என்று நினைத்துப் படியேறி வந்துவிட்டார். பட்டாசு இல்லை மாமா, என்னுடைய 1,800 ரூபாய். கரி அடுப்பில் வைத்திருந்த பீட்சா கல், அதாவது பீட்சாவை மேலே போட்டுச் சுடுகிற தட்டைக் கல், நட்டநடுவில் பிளந்துவிட்டது. மேலே பாதி வெந்த மாவு. விரிசல் வழியே சீஸ் சொட்டுச் சொட்டாகத் தணலில் விழுந்து புகைகிறது. சுற்றிலும் காலித் தட்டோடு சொந்தக்காரர்கள்.

கல் உடைந்ததுகூடப் பரவாயில்லை. அந்த அட்டைப்பெட்டியைப் பார்க்கும்போதுதான் பற்றிக்கொண்டு வருகிறது. தகதகவென்று எரியும் கரி படம் போட்டு, 'பிரீமியம் நேச்சுரல் ஸ்டோன், பார்பெக்யூவுக்கும் ஏற்றது' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். மறுநாள் கம்பெனிக்குப் போன் போட்டால், "சார், தணல்ல வச்சா வாரண்டி கிடையாது சார்" என்கிறது அந்தப் பிள்ளை. அப்புறம் பெட்டி மேல் எரிவது என்ன, கார்த்திகை தீபமா? சரிம்மா, அது என்ன கல் என்று மட்டும் சொல் என்றேன். "பிரீமியம் ஸ்டோன் சார்." அதுதான் என்ன ஸ்டோன்? செராமிக்கா, கிரானைட்டா, கார்டியரைட்டா? "செக் பண்ணிட்டுக் கூப்பிடறோம் சார்."

இவர்கள் சொல்லாமல் விழுங்குகிற வார்த்தை கார்டியரைட். மெக்னீசியமும் அலுமினியமும் சிலிக்காவும் சேர்ந்த சரக்கு. பீங்கான் சுடுகிற சூளைக்குள் அடுக்கும் தட்டுகளை அதில் செய்கிறார்கள். கார் புகைக்குழாயில் புகையைச் சுத்தம் பண்ணுகிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் தேன்கூடு மாதிரி ஒன்று இருக்குமே, அதுவும் பெரும்பாலும் இதுதான். சூடேறினால் மற்றதைப் போல அவ்வளவாக விரியாது. அதனால் ஒரு பக்கம் கொதித்து இன்னொரு பக்கம் ஆறிக் கிடந்தாலும் தாங்கும். கரி அடுப்பில் நடக்கிற அக்கிரமமே அதுதானே? ஓவனுக்குள் சூடு நாலாபக்கமும் வரும். இங்கே நேர் கீழே தணல், ஓரத்தில் மாடிக் காற்று, மேலே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற மாவு. மலிவான செராமிக் வெடிக்காமல் என்ன செய்யும்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அன்று காலையில் அதைக் குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவியவன் நான்தான். இந்தக் கற்களில் நுண்ணிய துளைகள் உண்டு, தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், சூட்டில் அது ஆவியாகி வெளியேற வழி தேடும். எல்லாம் உடைந்த பிறகு கற்றது. பெட்டியில் 'கழுவுவது எளிது' என்றுதானே போட்டிருந்தது! நடைபாதையில் மாக்கல் சட்டி விற்கிற அம்மாவிடம் போய்ப் பாருங்கள். எத்தனை நாள் கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பழக்க வேண்டும், எப்படி மெல்ல மெல்ல அடுப்பைக் கூட்ட வேண்டும் என்று, காசை வாங்குவதற்கு முன்னாலேயே பாடம் எடுத்துவிடுவார். பாத்திரக்கடையில் தோசைக்கல் கேட்டால், "வார்ப்பா, தகடா?" என்பதுதான் முதல் கேள்வி. பெயரில் மட்டும் கல் உள்ள சாமானுக்கே அந்த நேர்மை இருக்கிறது.

இதற்கு முன் வாங்கியது வேறு கதை. அது உடையவில்லை, கரியைக் கொன்றது. என் அடுப்பின் வாய் 42 சென்டிமீட்டர். கடைக்காரர், "பெருசா எடுத்துக்குங்க சார், எல்லா சைஸும் போடலாம்" என்று 16 இஞ்ச் கல்லைத் தலையில் கட்டினார். வைத்தால் குண்டுச்சட்டிக்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்தது. காற்று மேலே போக வழியில்லாமல், இஸ்திரிக்காரரிடம் கெஞ்சி வாங்கிய சீமைக்கருவேலங்கரி கால் மணி நேரத்தில் மூச்சுத்திணறிப் படுத்துவிட்டது. பீட்சாவின் அடி கரிக்கட்டை, மேலே வெங்காயம் பச்சை. இத்தாலியில் நேப்பிள்ஸில் ஒன்றரை நிமிடத்துக்குள் எடுக்கிறார்கள் என்றால், அங்கே அடுப்பின் கூரை தரையைவிடச் சூடாக இருக்கும். நமக்குத் தலைகீழ். சூடு கல்லைச் சுற்றி ஏறி, மூடியில் முட்டித் திரும்பினால்தான் மேல்பக்கம் வேகும். அதற்குச் சுற்றிலும் நாலைந்து சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அதாவது எனக்கு 13 இஞ்ச் போதும். இதைச் சொல்ல ஒரு கடைக்கும் வாயில்லை.

இதில் ஆலோசகர்கள் தொல்லை வேறு. மச்சான், "இரும்புத் தகடு வாங்குங்க" என்றான். ஓவனுக்கு அருமையான யோசனை. தணல் மேல் போட்டால், இரும்பு சூட்டைக் கடத்துகிற வேகத்தில் சீஸ் உருகுமுன் அடி தீய்ந்துவிடும். மாமா பின்வாசலில் கிடந்த கடப்பாக்கல்லைக் காட்டினார். ஏடு ஏடாக இருக்கிற கல், மழையில் ஊறியது. சில்லு தெறித்தால் யார் கண்ணுக்குப் பதில் சொல்வது?

கடைசியில் கல் உடைந்த அன்றைக்கு மானத்தைக் காத்தது அம்மாவின் தோசைக்கல்தான். ஒரு பக்கம் சுட்டுத் திருப்பி, மேலே சீஸ் தூவி, மூடி வைத்து இறக்கினோம். அம்மா ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "நல்லாத்தாண்டா இருக்கு. மைதா தோசைதானே இது?" என்றாள். உடைந்த இரண்டு பாதிகளும் இப்போது மாடியில் வத்தல் துணி பறக்காமல் காவல் காக்கின்றன.

இன்று மத்தியானம் அந்தப் பிள்ளை திரும்பக் கூப்பிட்டது. "சார், செக் பண்ணிட்டோம் சார். அது ஹை குவாலிட்டி ஸ்டோன்."