ஈரோடு வழியாகச் சென்ற ராணுவ ரயில்: பரவும் செய்தி தவறு

"ஈரோடு, கோவை வழியாக டாங்கிகளும் எண்ணெய் டாங்கர்களும் போகின்றன, போர் வருகிறது, பயணிகள் ரயில்கள் நிற்கப்போகின்றன" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இந்த ரயில்களை வைத்துப் போர் வருகிறது, பயணிகள் ரயில்கள் நிற்கும் என்பது தவறு.

ராணுவம் தன் தளவாடங்களை அமைதிக் காலத்திலும் ரயிலில்தான் அதிகம் அனுப்புகிறது. ஆவடியில் உருவாகும் டாங்கிகளும் நெடுந்தூரம் போவது ரயிலில்தான். டாங்கர் வேகன்களோ, சங்ககிரியிலும் இருகூரிலும் உள்ள எண்ணெய்க் கிடங்குகளுக்கு ஆண்டு முழுவதும் வருபவை. நாம் பெட்ரோல் பங்க்குகளில் நிரப்பும் பெட்ரோல், டீசல்தான் அவற்றில் இருக்கிறது.

ரயில் ரத்தானால் ரயில்வேயின் சேலம் கோட்டம் அறிவிக்கும். 139 என்ற ரயில்வே உதவி எண்ணில் கேட்டுப் பாருங்கள். படைவீரர்களின் வீட்டார் எத்தனையோ பேர் இதைப் படித்துக் கலங்கியிருப்பார்கள். தயவுசெய்து பகிராதீர்கள், ராணுவ ரயிலைப் படமெடுத்தும் போடாதீர்கள்.