'ஃப்ரெஷ்ஷாக இல்லை'யாம்!

"அடுத்த முறை ஃப்ரெஷ்ஷான பாட்டிலை அனுப்பவும்."

வீட்டு பீர் போட்டிக்கு அனுப்பிய பார்லிவைனுக்கு நடுவர் பெருமான் எழுதியிருக்கிற திருவாய்மொழி இது. பார்லிவைனுக்கு! மாதக்கணக்கில் வைத்துப் பழசாக்கிக் குடிக்கிற பலமான பீருக்கு! வீட்டில் காய்ச்சுகிற ஆட்களுக்கு நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. இந்நேரம் நீங்களும் பல்லைக் கடித்திருப்பீர்கள்.

மதிப்பெண் தாள் நேற்றுத்தான் ஸ்கேன் ஆகி மெயிலில் வந்தது. முதல் நடுவர் ஐம்பதுக்கு 39 போட்டிருக்கிறார். "அத்திப்பழம், உலர் திராட்சை, டாஃபி, சூடு ஏற ஏற மணம் விரிகிறது" என்று பொறுமையாக எழுதியிருக்கிறார். நல்லா இருக்கட்டும், அவர் பிள்ளைக்குட்டிகள் நல்லா இருக்கட்டும். இரண்டாமவர் போட்டது 26. இரண்டு பேருக்கும் ஏழுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பதால் மேசையில் பேரம் நடந்திருக்கிறது. 39ஐ அடித்துவிட்டு 34. 26ஐ அடித்துவிட்டு 28. சராசரி 31. அட்டவணைப்படி அதற்குப் பெயர் 'வெரி குட்'. வெரி குட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பதக்கம் பக்கத்து மேசைக்குப் போய்விட்டது.

சரி, அந்த 26 எப்படி வந்தது என்று பார்ப்போம். எனக்கு இப்போது வேறு வேலையில்லை.

தோற்றத்துக்கு மொத்தம் மூன்று மார்க். கொடுத்தது ஒன்று. காரணம்: "நுரை நிற்கவில்லை." ஐயா, 10% ஆல்கஹால். அந்த பலத்தில் நுரை உங்கள் மீசையில் ஒட்டிக்கொண்டு போகிற அளவுக்கு நிற்காது. எந்த பீர் எப்படி இருக்க வேண்டும் என்று நடுவர்களுக்குச் சொல்கிற பி.ஜே.சி.பி. வழிகாட்டியிலேயே நுரை சீக்கிரம் அடங்கலாம் என்று போட்டிருக்கிறது. உங்கள் மேசையிலும் ஒரு பிரதி கிடந்திருக்கும். அதன்மேல் கோப்பையை வைத்திருந்தீர்களோ என்னவோ.

மணத்துக்குப் பன்னிரண்டில் ஐந்து. "ஷெர்ரி வாடை. ஆக்சிஜன் பட்டுக் கெட்டிருக்கிறது." நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் கெட்டது, ஒத்துக்கொள்கிறேன், முட்டை போடுங்கள். ஆனால் வயசான இங்கிலீஷ் பார்லிவைனுக்கு ஷெர்ரி, போர்ட் மாதிரி ஒயின்களின் சாயல் வரலாம் என்று அதே வழிகாட்டி சொல்கிறது. அது வரட்டும் என்றுதானே போன வருடம் பனி உருகும்போது காய்ச்சியதை அலமாரி இருட்டில் தொடாமல் வைத்திருந்தேன்! இங்கிலாந்தில் டார்செஸ்டரில் 1968ல் வந்த தாமஸ் ஹார்டிஸ் ஏல் என்கிற பீர் இருபத்தைந்து வருடம் தாங்கும் என்று சொல்லி விற்ற சரக்கு. அதை இந்த மகராசன் கையில் கொடுத்திருந்தால் எக்ஸ்பைரி தேதி எங்கே என்று பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. சுவைப் பகுதிக்கு வாருங்கள். இருபதுக்குப் பதினொன்று. பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற ஹாப்ஸ் பூவில் குறையாம்: "ஹாப்ஸ் போதவில்லை. சிட்ரஸ் எதிர்பார்த்தேன்."

சிட்ரஸ்.

பாட்டிலில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய சீட்டில் கொட்டை எழுத்தில் 17டி என்று இருக்கிறது. வழிகாட்டியில் 17டி என்றால் இங்கிலீஷ் பார்லிவைன். நான் போட்டது ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் என்கிற இங்கிலீஷ் ஹாப்ஸ். மண் வாசனை, டீத்தூள் வாசனை, கொஞ்சம் பூ வாசனை வரும். ஆரஞ்சு, சாத்துக்குடி எல்லாம் வேண்டுமென்றால் அது 22சி, அமெரிக்கன் பார்லிவைன், பக்கத்து வரிசை. 1983லிருந்து கலிஃபோர்னியாவில் சியரா நெவாடா கம்பெனி காய்ச்சுகிற பிக்ஃபுட் என்கிற அமெரிக்கன் பார்லிவைனை மனசில் வைத்துக்கொண்டு என் பாட்டிலை மோந்து பார்த்திருக்கிறார். சர்க்கரைப் பொங்கலை வழித்துச் சாப்பிட்டுவிட்டு மிளகு எங்கே என்று கேட்கிற ஆளுக்கு என்ன பதில் சொல்வது?

என் கண்ணுக்கு அந்தக் காட்சி அப்படியே தெரிகிறது. காலையிலிருந்து ஹாப்ஸ் கசப்பு தூக்கலான ஐபிஏ பீராகக் குடித்துக் குடித்து நாக்கு மரத்துப் போயிருக்கும். மனசு மதியச் சாப்பாட்டில் இருக்கும். ஐஸ் பெட்டியிலிருந்து என் பாட்டிலை உருவுகிறார். திறக்கிறார். இரண்டு அவுன்ஸ் ஊற்றுகிறார். அந்தக் குளிரில் எந்த பார்லிவைனும் வாயைத் திறக்காது. பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரிக்கு வர விட வேண்டும். பக்கத்தில் இருக்கிற புண்ணியவான் கோப்பையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு காத்திருக்கிறார். இவர் காத்திருப்பாரா? ஒரு மடக்கு. உடனே பென்சில். 'ஃப்ரெஷ்ஷாக இல்லை.' அடுத்த பாட்டில்!

நடுவர்கள் சம்பளம் வாங்காமல், சனிக்கிழமையைத் தியாகம் செய்து வருகிறவர்கள் என்பது தெரியும். தெரிந்தால் கோபம் அடங்கிவிடுமா என்ன? ஊரில் பிளஸ் டூ விடைத்தாளுக்கே மறுமதிப்பீடு உண்டு. இதற்கு எந்த ஆபீசில் பணம் கட்டுவது?

நான் இருக்கிற அமெரிக்காவின் சட்டப்படி இரண்டு பெரியவர்கள் இருக்கிற வீட்டில் வருடத்துக்கு 200 கேலன் வரை காய்ச்சிக்கொள்ளலாம். 1978ல் அதிபர் கார்ட்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உரிமை. நான் காய்ச்சியது ஒரே ஒரு கேலன். அதற்கே கிட்டத்தட்ட இரண்டு கிலோ மாரிஸ் ஓட்டர் மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி. வடித்த சாறு சுண்டி கேரமல் நிறத்துக்கு வருகிற வரைக்கும் மூன்று மணி நேரம் கொதி. ஜன்னல் கண்ணாடி முழுக்க நீராவி வழிய, அடுப்பை விட்டு நகராமல் நின்றேன். சாற்றில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டுகிற கிராவிட்டி ஆரம்பத்தில் 1.104. ஈஸ்ட் பாவம், மூச்சு வாங்கி வாங்கி 1.026க்குக் கொண்டுவந்து நிறுத்தியது. அடியில் தங்கிய கசடு போக ஒரு கேலனில் என்ன மிஞ்சும்? எண்ணி எட்டு பாட்டில். அதில் மூன்றைப் போட்டிக்குக் கேட்கிறார்கள். பாட்டிலில் எழுத்து புடைத்திருக்கக் கூடாது, மூடியில் படம் இருந்தால் கறுப்பு மார்க்கரால் அழிக்க வேண்டும். அழித்தேன். தபால்துறை மதுவை வாங்காது என்பதால் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு போய் நேரில் கொடுத்தேன். இத்தனையும் எதற்கு? ஃப்ரெஷ்ஷாக இல்லை.

ஆற்றாமையில் நேற்று ராத்திரி நண்பன் ஒருவனைக் கூப்பிட்டு மிச்சத்தில் ஒரு பாட்டிலைத் திறந்தேன். குளிர் அடங்க வெளியில் வைத்து, நல்ல கிளாஸாக எடுத்து, பாதியளவு ஊற்றிக் கொடுத்தேன். மோந்தான். ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடினான். ஆகா, இவனுக்காவது புரிந்ததே என்று நினைத்தேன்.

"மச்சான், சோடா இருக்கா?"

சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. அவனும் சேர்ந்து சிரித்தான், எதற்கென்று தெரியாமலே. சோடாவை எடுத்துக் கொடுத்துவிட்டு உட்காரப் போனால், "அப்படியே ஒரு எலுமிச்சம்பழமும்" என்கிறான்.

கொடுத்தேன். இந்த ஊர் எலுமிச்சம்பழத்தைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும். பார்க்கத்தான் பெரிசு. பாதிக்கு மேல் தோல், மிச்சத்தில் பாதி கொட்டை. பளபளவென்று மெழுகு வேறு தடவி வைத்திருக்கிறான். கை வலிக்கப் பிழிந்தாலும் ஒரு டம்ளர் ரசத்துக்குக் காணாது. இதற்கு அவன் போடுகிற விலை இருக்கிறதே!