சக் லிடெல்ல 48 வயசுல மோதவிட்டது யூஎஃப்சி இல்லங்க

அமெரிக்க எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த கூண்டு சண்டை) வீரர் சக் லிடெல் மயங்கி விழுற வீடியோவ போட்டு "48 வயசு மனுஷன காசுக்காக யூஎஃப்சி கூண்டுல ஏத்துச்சு"ன்னு ஒரு ஃபார்வர்ட் சுத்துது. யூஎஃப்சிங்கறது இந்த சண்டைகள நடத்துற பெரிய கம்பெனி. ஃபார்வர்ட் சொல்றது தப்பு. அந்த சண்டை 2018 நவம்பர் 24, கலிஃபோர்னியா இங்கிள்வுட்ல டிட்டோ ஆர்ட்டிஸ் கூட நடந்த மூணாவது ஃபைட், நடத்துனது பாக்ஸர் ஆஸ்கார் டி லா ஹோயாவோட கோல்டன் பாய் கம்பெனி, யூஎஃப்சிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

சொல்லப்போனா யூஎஃப்சி தலைவர் டேனா வைட்தான் 2009-லயே போதும்பா நிறுத்துன்னு வெளிப்படையா சொன்னவரு. லிடெல் கேக்கல. ரஷாத் எவன்ஸ், ஷோகன், ரிச் ஃபிராங்க்ளின்னு மூணு வீரர்கள்கிட்ட வரிசையா நாக்அவுட் வாங்கி 2010 டிசம்பர்லதான் ரிட்டயர் ஆனாரு, அப்புறம் அங்கயே ஆபீஸ் வேலையும் குடுத்தாங்க, 2016-ல கம்பெனி கைமாறினதும் அந்த வேலை போயிடுச்சு. இதுக்கு யூஎஃப்சிய திட்டுறதுன்னா திட்டிக்கோங்க, நியாயம் இருக்கு.

ஆனா 2018-க்கு கேள்வி கேக்கணும்னா ஃபைட்டுக்கு லைசென்ஸ் குடுத்த கலிஃபோர்னியா அத்லெடிக் கமிஷனத்தான் கேக்கணும். 2004, 2006 ரெண்டு தடவையும் டிட்டோவ அடிச்சு சாய்ச்ச லிடெல், எட்டு வருஷ கேப்புக்கு அப்புறம் வந்து முதல் ரவுண்டுலயே விழுந்தாரு.