கேட்காமல் விட்ட பெயர்

மறைந்த ஒரு மூதாட்டியின் வாழ்க்கையைப் பேரப்பிள்ளைகள் சேர்ந்து எழுதிவைத்ததாக ஒரு கட்டுரையில் படித்தபோது நெஞ்சு அடைத்துக்கொண்டது. நாங்கள் அதைச் செய்யவில்லை.

என் பாட்டி 91 வயது வரை இருந்தார். கடைசி இரண்டு ஆண்டுகள் தன் சிறுவயதுக் கதைகளையே திரும்பத் திரும்பச் சொன்னார். "இதை எத்தனை தடவை சொல்வீர்கள்?" என்று நானே சலித்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சலிப்புக்காக இன்றும் வருந்துகிறேன். முதியவர்கள் பழைய நினைவுகளுக்குத் திரும்புவது மூளைத் தளர்ச்சி அல்ல, வாழ்ந்த வாழ்க்கையை மனம் சீர்தூக்கிப் பார்க்கும் இயல்பான வேலை என்று அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இலேயே எழுதியிருக்கிறார். அது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

பாட்டியின் தலையணைக்கு அடியில் ஒரு கருப்பு வெள்ளைப் புகைப்படம் எப்போதும் இருக்கும். பெருவிரல் பட்டுப் பட்டு அதன் ஒரு மூலை வெளுத்துப்போயிருந்தது. வீட்டில் முதியவர் இருப்பவர்கள் இன்றைக்கே பழைய படங்களை எடுத்து அவர் முன் வையுங்கள். அவர் சொல்லும் பெயர்களைப் பின்புறம் பென்சிலால் குறித்துவிடுங்கள். பேச்சைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள், குரலும் மிஞ்சும்.

அந்தப் படத்தில் பாட்டியின் தோளில் கைபோட்டுச் சிரிக்கும் சிறுமி யாரென்று சொல்ல எங்கள் வீட்டில் இப்போது யாரும் இல்லை.