பழைய வீட்டுக்குள்ளும் போஸா?

சிங்கப்பூரில் காத்தோங் பக்கம், மலாய் வழக்கங்களோடு கலந்துபோன சீன வம்சாவளியினரான பெரானாக்கான்களின் பழைய வீடு ஒன்றைப் பார்க்கப் போனால், சீனச் சாமி மாடம், முத்துச்சிப்பி பதித்த கருமர நாற்காலி, வெளிச்சமும் மழையும் சேர்ந்தே இறங்கும் முற்றம், சுவரில் ரோஜாப்பூ புடைத்த பளபள மஜோலிகா டைல்ஸ் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் அத்தனையும் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. (1920களில் ஜப்பான் அனுப்பிய அந்த ரக டைல்ஸ் செட்டிநாட்டு வீடுகளிலும் உண்டு, அதனால் எனக்குக் கொஞ்சம் சொந்தம் கொண்டாடும் ஆசை.)

ஆனால் பார்க்க விட்டால்தானே! வாடகைக்கு எடுத்த கெபாயாவில் (பெரானாக்கான் பெண்கள் அணியும் பூவேலை மேல்சட்டை) ஒரு கூட்டம் டைல்ஸை மறைத்து நின்று, "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று படம் எடுத்துக்கொண்டே இருக்கிறது. மாடித் தரையில், வந்திருப்பவர் யாரென்று கீழே எட்டிப் பார்க்க ஒரு துளை. அதன் மேலேயே ஒருவர் பையை வைத்துவிட்டார். அட, நகருங்களேன்!