பக்கத்து நாற்காலி

மார்ச் மாதம் வந்தால் எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு டிவி முன்னால்தான். அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து. மகள் பந்தைத் தூக்க ஆரம்பித்த பிறகு எங்களுக்கும் தொற்றிக்கொண்ட பழக்கம். ஒரு ஆட்டத்தின்போது நண்பர் ஒருவர் வந்திருந்தார். டைம் அவுட்டில் கேமரா கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் பெஞ்சைக் காட்டியது. தலைமைப் பயிற்சியாளர் ஜீனோ ஆரியெம்மாவுக்குப் பக்கத்தில் நிற்பவர் கிறிஸ் டெய்லி, 1985இல் அவரோடு சேர்ந்தவர், இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்றேன். "இத்தனை வருஷமா அசிஸ்டெண்டா? பாவம்" என்றார்.

அந்தப் 'பாவம்' எனக்கு ஜீரணமாகவில்லை.

நமக்கு ஒரு பதவிக்கு முன்னால் 'உதவி' என்று வந்துவிட்டாலே அது வாசலில் காத்திருக்கும் வேலைதான். உதவி இயக்குநர் என்றால் "எப்ப தம்பி படம் பண்ணப்போற?" என்று கேட்காத ஆள் கிடையாது. அமெரிக்காவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. கொஞ்சம் பெயர் வாங்கிய உதவிப் பயிற்சியாளரிடம் எல்லோரும் கேட்பது அதே கேள்விதான்.

டெய்லி விஷயத்துக்கு வருகிறேன். அவர் ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பெண்கள் அணியில் ஆடியவர், 1982இல் தேசியப் பட்டம் வென்ற அணியில் இருந்தவர். ஜீனோ அவரைக் கூப்பிட்டபோது கனெக்டிகட் பெண்கள் அணி அதுவரை ஒரே ஒரு சீசனில்தான் தோல்வியை விட அதிக வெற்றி கண்டிருந்தது. இவர்கள் வந்த முதல் வருடமும் 12 வெற்றி, 15 தோல்வி. அங்கிருந்து 2025 வரை 12 தேசியப் பட்டங்கள். 2021இல் தேசியப் போட்டி தொடங்கும் நேரம் பார்த்து ஜீனோவுக்குக் கோவிட். முதல் இரண்டு ஆட்டங்களுக்கு டெய்லிதான் தலைமை. முதல் ஆட்டம் 102-59, இரண்டாவது 83-47. அப்புறம் ஜீனோ வந்தார், டெய்லி பழைய நாற்காலிக்குப் போய்விட்டார். 2018இல் பெண்கள் கூடைப்பந்தின் 'ஹால் ஆஃப் ஃபேம்' அவரையும் சேர்த்துக்கொண்டது. இவருக்கா பாவம்?

சரி, இந்த வேலைதான் என்ன? எதிரணிகளை உதவிப் பயிற்சியாளர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒரு அணி உங்கள் பங்கில் விழுந்தால் அந்த 'ஸ்கவுட்' உங்கள் தலையில். அவர்கள் கடைசியாக ஆடிய ஆட்டங்களை ஓட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். யார் இடது பக்கம் போகத் தயங்குகிறாள், சோர்ந்துவிட்டால் யாருடைய கை கீழே இறங்குகிறது, கடைசி பத்து விநாடியில் பந்து யாரிடம் போகும், எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். பிறகு பயிற்சிக்கு வரும் ஆண் மாணவர்களை எதிரணி மாதிரி ஆடவைத்து நம் பெண்களுக்குப் பழக்க வேண்டும். அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள். டைம் அவுட் எடுத்ததும் ஹெட் கோச் நேராக வீராங்கனைகளிடம் போகமாட்டார். பயிற்சியாளர்கள் நாலைந்து அடி தள்ளி வட்டமாக நின்று சில விநாடி பேசுவார்கள். அவர் பலகையில் வரையப்போவது பெரும்பாலும் அந்த வட்டத்தில் காதில் விழுந்ததுதான். ஜெயித்தால் மைக் முன்னால் உட்காருபவர் ஒருவர்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்த கதை லிசா பாயருடையது. பிராட்லி பல்கலைக்கழகத்தில் 10 வருடம் தலைமைப் பயிற்சியாளர். பிறகு ஏபிஎல் என்ற தொழில்முறை லீகில் ரேஜ் அணிக்குத் தலைமை. அங்கே அவரிடம் ஆடியவர் டான் ஸ்டேலி. 1998 டிசம்பரில் லீகையே இழுத்து மூடிவிட்டார்கள். 2001-02இல் ஆண்கள் தொழில்முறை லீகான என்பிஏவின் கிளீவ்லேண்ட் கவாலியர்ஸ் அணியில், பயிற்சிக் குழுவில் வேலை பார்த்தார் பாயர். என்பிஏவில் அப்படி வேலை பார்த்த முதல் பெண் அவர்தான். (2014இல் வந்த பெக்கி ஹாமன்தான் முதல் ஆள் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் முழுநேரச் சம்பளத்தோடு வந்தவர்களில் முதல் பெண்.) 2002இல் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் பாயர் உதவிப் பயிற்சியாளரானார். யாரிடம்? தன்னிடம் ஆடிய அதே ஸ்டேலியிடம். 2008இல் ஸ்டேலி சவுத் கரோலினாவுக்குக் கிளம்பியபோது பாயரும் கூடவே போனார். 2017, 2022, 2024 என்று மூன்று பட்டங்கள். மாணவிக்குக் கீழே வேலை பார்க்க நம்மில் எத்தனை பேர் ஒத்துக்கொள்வோம்? நான் மாட்டேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

மேலே போனால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் டென்னசி பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம். ஹோலி வார்லிக் அங்கே தலைமைப் பயிற்சியாளர் பாட் சம்மிட்டிடம் ஆடியவர், 1985 முதல் 27 வருடம் அவருக்கு உதவியாளர். சம்மிட்டுக்கு மறதி நோய் என்று 2011இல் தெரிந்ததும் சுமையைத் தூக்கியவரும் இவரே. 2012இல் தலைமைப் பதவி வந்தது. 2019இல் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் நண்பர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. டெய்லிக்கும் பாயருக்கும் வாய்த்த நிலைத்தன்மை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஹெட் கோச்சை நீக்கினால் அவருடைய உதவியாளர்களுக்கும் பெரும்பாலும் அதே வாரத்தில் வேலை போய்விடும். புதிதாக வருபவர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார். பிள்ளைகளின் பள்ளி, வீட்டு லோன் எல்லாம் நடுவில் தொங்கும். பாவம் என்று சொல்வதானால் நான் இதற்குத்தான் சொல்வேன்.

இரண்டு வருடம் முன்னால், ஜூலையில், மகளின் கிளப் டோர்னமெண்டுக்குப் போயிருந்தேன். ஜிம்மின் ஓரமாக மடக்கு நாற்காலிகளில், தங்கள் அணிக்கு ஆள் தேட வந்த கல்லூரிப் பயிற்சியாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோரிடம் பேசக்கூடாது என்பதால் ஒருவரும் முகத்தைத் திருப்பவில்லை. எனக்கு முன்னால் இருந்த பெண், பச்சைச் சட்டையில் கல்லூரிப் பெயர், மடியில் நோட்டு. எதிரணியின் ஒரு உயரமான பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளை வெளியே எடுத்தார்கள். ஆட்டம் இந்தப் பக்கம் நடக்கிறது, இவர் கண் அந்தப் பெஞ்சிலேயே இருக்கிறது. அவள் துண்டைத் தலையில் போட்டுக்கொள்கிறாளா, தோழி கூடை போட்டால் எழுந்து கைதட்டுகிறாளா என்று. தட்டினாள். இவர் நோட்டில் ஏதோ எழுதினார்.

அடுத்த ஜூலையிலும் அதே ஜிம், அதே ஓரம், அதே பெண். சட்டை மட்டும் நீலம். வேறு கல்லூரியின் பெயர்.