கிரீன் ஆற்று மீன்களும் 1962 விஷமும்: ஒரு திருத்தம்

ஒரு நண்பர், அமெரிக்காவின் ஃப்ளேமிங் கார்ஜ் அணையை நிரப்பும் முன் ஆற்றில் ஊற்றிய மீன் விஷம்தான் கிரீன் ஆற்றின் சொந்த மீன்களைப் பூண்டோடு அழித்தது என்று எழுதியிருக்கிறார். விஷம் ஊற்றியது உண்மை. பூண்டோடு அழித்தது என்பது சரியல்ல.

1962 செப்டம்பரில், டிரவுட் மீன் வளர்ப்பதற்காக, அங்கிருந்த மற்ற மீன்களை அகற்ற, ஏறத்தாழ 700 கிலோமீட்டர் ஆற்றிலும் கிளைகளிலும் ரோட்டினோன் என்ற மீன் விஷத்தை விட்டார்கள். அணைக்குக் கீழே பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்து அதை முறிக்கப் பார்த்தார்கள். முழுசாக முறியவில்லை, விஷம் ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள டைனோசர் தேசிய நினைவிடம் என்ற பாதுகாக்கப்பட்ட பகுதி வரை போய் மீன்கள் செத்தன. அது பெரிய தவறு, அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் ரோட்டினோன் சில நாள், சில வாரத்தில் சிதைந்துவிடும். அணை அப்படியல்ல. அடியாழத்திலிருந்து திறந்த தண்ணீர் கோடையிலும் ஜில்லென்று வந்தது. வெதுவெதுப்பான, கலங்கிய வெள்ளத்துக்குப் பழகிய மீன்களால் அணையை ஒட்டிய பகுதியில் இனப்பெருக்கம் செய்ய முடியவில்லை. 1978ல் மேல்மட்டத் தண்ணீரை எடுக்கும்படி அணையின் வாயில்களை மாற்றியதே இந்தக் குளிர்ச்சியைக் குறைக்கத்தான்.

சரிபார்ப்பது சுலபம். அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் தளத்தில், அணைக்குக் கீழே உள்ள கிரீன்டேல் நிலையத்தின் கோடைக்கால நீர் வெப்பநிலையை, இன்னும் கீழே உள்ள ஜென்சன் நிலையத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் மீன், வனவிலங்குத் துறையின் பக்கத்தில் கொலராடோ பைக்மின்னோ என்று தேடுங்கள். கிரீன் ஆற்றின் சொந்த மீன்களில் ஒன்றான அது இன்றும் அங்கே இருக்கிறது.